தனித்தீவு கண்ட தத்துவ மேதை இப்னு துஃபைல் (ரஹ்)

கப்பல் உடைந்து, ஆளரவமற்ற தீவொன்றில் தன்னந்தனியனாய் ஒதுங்கிய ஒரு மனிதனின் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆங்கில எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1719-ல் வெளியிட்ட ‘ராபின்சன் குரூசோ’வைத்தான் குறிப்பிடுகின்றோம். சிறுவர்கள் அதனை வீரக் கதையாகப் படிக்கின்றனர். உழைத்து முன்னேறியவர்கள், தன் கையே தனக்கு உதவி என்பதன் விளக்கமாக அதனைக் கருதுகின்றனர். பிரெஞ்சு அறிஞர் ரூசோ, 1762-ல் எழுதிய ‘எமீல்’ என்னும் கல்வி நூலில், வளரும் பிள்ளையின் கையில் முதன்முதலாகக் கொடுக்கத்தக்க புத்தகமாக அதனையே தேர்ந்தெடுத்தார்.

ஆயின், டீஃபோ பிறப்பதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, அரபு மொழியில் ஒரு தனித்தீவு மனிதனின் கதை எழுதப்பட்டிருந்தது என்பதை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? அந்த நூலின் பெயர் ‘ஹய்யு இப்னு யக்ளான்’. விழித்திருப்பவனின் மகனாகிய உயிருள்ளவன் என்பது அப்பெயரின் பொருள். அதனை யாத்தவர் அந்தலூசியாவின் மருத்துவ மேதை இப்னு துஃபைல் (ரஹ்) அவர்கள். அன்னாரின் வாழ்வையும், அவர்தம் நூலைப் படித்தவர்கள் அதனை எவ்வாறு ஏற்றார்கள் என்பதையும் இவ்வாரம் காண்போம்.

பிறப்பும் இளமையும்

அபூபக்ர் முஹம்மது இப்னு அப்துல் மலிக் இப்னு துஃபைல் என்பது அன்னாரின் பெயர். இன்று ஸ்பெயின் நாடாக விளங்கும் அந்தலூசியாவில், கர்னாதா நகருக்குக் கிழக்கேயுள்ள வாதி ஆஷ் என்னும் ஊரில், கி.பி. 12-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தார். துஃபைல் என்ற சொல்லுக்குச் சிறு குழந்தை என்று பொருள். உலகமே வியந்த ஒரு குழந்தையின் கதையை எழுதியவருக்கு இப்பெயர் அமைந்தது பொருத்தமே!

அக்காலம் அறிவுக்கு எளிதான காலமன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’ நூல் குர்துபா நகரில் தீக்கிரையாக்கப்பட்டது அந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அன்று அந்தலூசியாவை ஆண்ட முராபித்துகளின் ஆட்சியில் அது நிகழ்ந்தது. ஒரு நூலைப் படித்துச் சிந்திப்பதற்குப் பதிலாக அதனைச் சாம்பலாக்கிய சூழலில் கண்விழித்த குழந்தை, பிற்காலத்தில் அதே கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ஞானத்தையும் இப்னு ஸீனாவின் தத்துவத்தையும் ஒன்றாக வைத்து எண்ணும் அறிஞராய் வளர்ந்தது.

இப்னு துஃபைல் கர்னாதாவில் மருத்துவத் தொழில் புரிந்தார். அந்நகர ஆளுநரின் செயலாளராகவும் பணியாற்றினார். முராபித்துகளின் ஆட்சி வீழ்ந்து, முவஹ்ஹிதுகளின் ஆட்சி எழுந்தது. 1154-ல், ஸப்தா, தன்ஜா நகரங்களின் ஆளுநராயிருந்த முவஹ்ஹித் இளவரசரிடம் அவர் செயலாளரானார். பின்னர், 1163 முதல் 1184 வரை ஆட்சி செலுத்திய கலீஃபா அபூ யஃகூப் யூசுஃப் அவர்களின் அரண்மனை மருத்துவராய் உயர்ந்தார். மருத்துவத்தைப் பற்றி 7,000-க்கும் மேற்பட்ட அடிகளில் அவர் இயற்றிய செய்யுள் நூலின் கையெழுத்துப் பிரதி, ஃபாஸ் நகரின் கரவிய்யீன் நூலகத்தில் உள்ளது.

கலீஃபா அவரை எவ்வளவு நேசித்தாரெனில், நாட்கணக்கில் அரண்மனையிலேயே தம்முடன் இருத்திக்கொள்வாராம். மருத்துவர், பொறியாளர், கவிஞர் எனப் பல வரிசைகளிலும் அவர் ஊதியம் பெற்றார் என்று வரலாற்றாசிரியர் அப்துல் வாஹித் அல்மராகுஷி எழுதி வைத்துள்ளார்.

தீவில் ஒரு குழந்தை

இத்தகைய அரண்மனை வாழ்வினர்தாம், மனித வாடையே இல்லாத ஒரு தீவைப் பற்றி எழுதினார் என்பது எண்ணத்தக்கது. ஞானத்தின் இரகசியங்களை விளக்குமாறு கேட்ட ஒரு நண்பருக்கு எழுதும் மடலாக அந்நூல் அமைந்துள்ளது. கதை நிகழும் தீவு எது தெரியுமா? நிலநடுக்கோட்டின் கீழ் அமைந்த, இந்தியத் தீவுகளுள் ஒன்று என்று அவர் குறிப்பிடுகின்றார்! தட்பவெப்பம் சமமாய் அமைந்த மண் அதுவே எனக் கருதி, நம் நாட்டுத் திசையை நோக்கி அவர்தம் கற்பனை பறந்து வந்திருக்கிறது.

எனவே, அன்பர்களே, நாமும் அத்தீவை நம் மண்ணிலேயே மனக்கண்ணால் காண்பதில் தவறில்லை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எண்ணிக்கொள்ளுங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால், மேகம் தவழும் மேட்டுநிலம். பலாவும் வாழையும் காய்க்கும் சோலை. மரங்களைத் தழுவிப் படரும் மிளகுக் கொடி. ஆகாய கங்கையாய் விழும் அருவி. சித்தர்கள் தனித்திருந்து தவம் புரிந்ததாகக் கூறப்படும் குகைகள். இன்று அம்மலையில் சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அம்மக்கள், பாதை, ஊர், கோயில், கடை எதுவுமே இல்லை என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். சொல் ஒன்றையும் கேட்டறியாத பச்சிளங்குழந்தை அங்கே கிடக்கின்றது. அது பிழைக்குமா? பிழைத்தாலும், தன்னைப் படைத்த இறைவன் ஒருவன் உண்டென்று அது அறியுமா? இதுதான் இப்னு துஃபைல் எழுப்பிய கேள்வி.

அக்குழந்தை அத்தீவுக்கு வந்த வகையை அவர் இருவிதமாகக் கூறுகின்றார். களிமண்ணிலிருந்தே அது தோன்றிற்று என்பது ஒன்று. இரகசியமாய் மணம் புரிந்த இளவரசி ஒருத்தி, கொடிய அரசனான தன் தமையனுக்கு அஞ்சி, குழந்தையைப் பேழையில் வைத்துக் கடலில் விட்டாள் என்பது மற்றொன்று. மூஸா (அலை) அவர்களின் அன்னை பட்ட வேதனை நம் நினைவுக்கு வருகின்றதன்றோ!

குட்டியை இழந்த ஒரு பெண்மான் குழந்தையின் அழுகுரல் கேட்டு வந்தது. பாலூட்டி வளர்த்தது. ஹய்யு விலங்குகளின் ஒலிகளைக் கற்றான். இலைகளால் உடல் மறைத்தான். நாளடைவில் அம்மான் முதுமையுற்று மாண்டது. வழக்கமாக எந்தக் குரலுக்கு அது மறுமொழி தருமோ, அந்தக் குரலால் அழைத்துப் பார்த்தான். பதிலில்லை. கண், காது, உறுப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அன்னை மட்டும் எங்கே போனாள்? கூரிய கற்களாலும் நாணற் சீவல்களாலும் அதன் மார்பைத் திறந்து நெஞ்சத்தைக் கண்டான். அதன் அறைகளுள் ஒன்று வெறுமையாய் இருந்தது. தன்னை நேசித்தது இந்த உடலன்று, இதில் குடியிருந்து வெளியேறிய ஒன்றே என்று உணர்ந்தான். ஒரு காகம் மற்றொன்றைப் புதைப்பதைக் கண்டு, தானும் தன் அன்னையைப் புதைத்தான். ஒரு மருத்துவரின் அறிவும் ஒரு மகனின் கண்ணீரும் இணைந்த பகுதி இது!

அங்கிருந்து அவன் சிந்தனை ஏறுமுகமாய்ச் செல்கின்றது. தீயைக் கண்டான். மிருகங்களைப் பழக்கினான். தாவரம், விலங்கு, விண்மீன் அனைத்தையும் ஆராய்ந்து, இவை யாவும் தாமே தோன்றியிருக்க இயலாது, இவற்றுக்கெல்லாம் இன்றியமையாத ஒரே மூலவன் உண்டு என்னும் முடிவுக்கு வந்தான்.

இறைவனை அறிந்தவன் எப்படி வாழ்ந்தான்? இங்கேதான் கவனிக்க வேண்டும். கனியின் சதையை உண்டால், அதன் வித்தைப் பாறையில் எறியாமல், முளைக்கத்தக்க மண்ணில் இடுவான். செடியை வேரோடு பிடுங்கமாட்டான். ஒரு செடிமேல் வேறொரு கொடி சுற்றி நெரித்தால் மெல்லப் பிரித்துவிடுவான். வாடிய செடிக்கு நீர் வார்ப்பான். துன்புறும் விலங்குக்கு உதவுவான். ஓடும் நீரை ஏதேனும் தடுத்தால் அத்தடையை அகற்றுவான். படைத்தவனை நேசிப்பவன் படைப்பை அழிக்கமாட்டான் என்பது அவன் கண்ட நெறி. கொல்லிமலை போன்ற நம் மலைகளுக்குச் சென்று, உண்டதன் மிச்சத்தையும் குடித்த பாட்டிலையும் அருவியோரத்தில் வீசிவிட்டுத் திரும்புவோர், இந்த ஒரு பகுதியையேனும் படித்தல் வேண்டும்.

அப்ஸால் வந்தார்

ஹய்யு ஐம்பது வயதை எட்டிய வேளையில், பக்கத்துத் தீவிலிருந்து அப்ஸால் என்னும் பக்தர் தனிமை நாடி வந்தார். அத்தீவினர் ஒரு நபியின் வழிநின்ற மக்கள். ஹய்யுவைக் கண்ட அப்ஸால், தம் தவம் கலையுமே என்று அஞ்சி ஓடினார். ஹய்யுவோ மறைந்திருந்து, அவர் ஓதுவதையும் இறைஞ்சுவதையும் அழுவதையும் கேட்டு நெகிழ்ந்தான். பின்னர் இருவரும் நெருங்கினர். அப்ஸால் பேசக் கற்றுக்கொடுத்தார். ஹய்யு தான் கண்டவற்றைச் சொன்னான். அதைக் கேட்ட அப்ஸால் வியப்பில் ஆழ்ந்தார்; வேதம் கூறியதும் இவன் தானே கண்டதும் ஒன்றே என்று அறிந்தார்; அவனுக்குத் தொண்டு செய்யத் துணிந்தார். ஹய்யுவோ, அப்ஸால் எடுத்துரைத்த நபியை உண்மையாளர் என்று ஏற்று, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் ஆகிய கடமைகளை மேற்கொண்டான்.

இருவரும் மக்கள் வாழும் தீவுக்குச் சென்றனர். தான் கண்ட உயர்ந்த உண்மையை அம்மக்களுக்கு விளக்க ஹய்யு ஆவலுற்றான். அவர்களோ வெறுத்து விலகினர். அப்பொழுது ஹய்யு அவர்களைச் சபித்தானா? இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு ஆற்றல் கிடையாது. எளிய மக்களுக்கு ஷரீஅத்தின் தெளிவான சட்டங்களே பாதுகாப்பு. அது இறைவனின் கருணை என்று உணர்ந்தான். அவர்களிடம் மன்னிப்புக் கோரி, தங்கள் நெறியை இறுகப் பற்றி வாழுமாறு கூறிவிட்டு, அப்ஸாலுடன் தன் தீவுக்குத் திரும்பினான்.

அறிந்தவன் அறியாதவரிடம் மன்னிப்புக் கேட்கின்றான்! என்னே அப்பணிவு!

படித்தவர்கள் கண்ட பொருள்

ஒரே நூலை ஒவ்வொருவரும் தத்தம் கண்ணால் படித்தனர். இரத்தம் நுரையீரலின் வழியே செல்லும் முறையைக் கண்டறிந்தவரும் 1288-ல் மறைந்தவருமான மருத்துவ மேதை இப்னு நஃபீஸ், இந்நூலுக்கு மறுமொழிபோல் தாமும் ஒரு தீவுக் கதை எழுதினார். அதன் நாயகன் காமில். தீவில் தனித்து வளர்ந்த அவன், கப்பலில் வந்திறங்கிய மனிதரைக் கண்டு மொழியும் பண்பாடும் கற்றபின், நபிமார்கள் வருவதன் அவசியத்தைத் தன் அறிவால் உணர்கின்றான். மனிதன் மனிதரோடு கூடியே நிறைவு பெற இயலும் என்பது இப்னு நஃபீஸின் வாதம்.

1349-ல் நார்போன் நகரத்து யூத அறிஞர் மோசே, எபிரேய மொழியில் இதற்கு விரிவுரை எழுதினார். 1671-ல் ஆக்ஸ்போர்டில் இளைய எட்வர்டு போக்காக், அரபு மூலத்துடன் இலத்தீன் மொழிபெயர்ப்பை அச்சிட்டார். மறு ஆண்டே டச்சு மொழியில் வந்தது. 1674-ல் ஜார்ஜ் கீத் ஆங்கிலத்தில் தந்தார். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அவர், உள்ளொளியால் இறைவனை அறியலாம் என்ற தம் கொள்கைக்கு இதில் சான்று கண்டார். 1708-ல் அரபு மூலத்திலிருந்து நேரே ஆங்கிலமாக்கிய சைமன் ஆக்லியோ, வெளித்துணை எதுவுமின்றி இறைவனை முழுமையாய் அறியலாம் என்பதை மறுத்துத் தம் நூலிலேயே ஓர் இணைப்பைச் சேர்த்தார்! மொழிபெயர்த்தவரே மறுப்பும் எழுதுமளவு அந்த நூல் வாசகரை அசைத்தது.

ஆக்லியின் மொழிபெயர்ப்பு வந்து 11 ஆண்டுகள் கழித்து வெளிவந்ததே ‘ராபின்சன் குரூசோ’. எனவே, டீஃபோ நம்மவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று சிலர் அடித்துப் பேசுவர். அதற்கு நேரடிச் சான்று இல்லை. 1709-ல் தனித்தீவிலிருந்து மீட்கப்பட்ட அலெக்சாண்டர் செல்கிர்க் என்னும் மாலுமியின் வரலாறு அக்காலத்து இங்கிலாந்தில் நன்கு பரவியிருந்தது. ஆதாரமற்ற பெருமையால் இப்னு துஃபைலுக்குப் புகழ் சேராது. அவர்தம் நூலே அவருக்குப் போதுமான புகழ்.

இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறோர் உண்மை புலப்படும். குரூசோவுக்கு உடைந்த கப்பலிலிருந்து துப்பாக்கியும் கருவிகளும் கிடைக்கின்றன. ஹய்யுவுக்குக் கைகளும் சிந்தனையுமே கிடைக்கின்றன. மொரோக்கோவின் ஸலே துறைமுகத்தில் அடிமைப்பட்டிருந்த குரூசோ, ஸூரி என்னும் சிறுவனின் துணையோடு தப்புகின்றான். பின்னர் அச்சிறுவனையே கப்பல் தலைவன் ஒருவனுக்கு 60 வெள்ளிக் காசுகளுக்குக் கைமாற்றுகின்றான். பத்தாண்டுகளில் விடுதலை உண்டாம், அதுவும் அவன் கிறிஸ்தவனானால்! அடிமைகளை வாங்கிவரப் புறப்பட்ட பயணத்தில்தான் அவன் கப்பலும் உடைகின்றது. தீவில் தான் காப்பாற்றிய மனிதனின் உண்மைப் பெயரை அவன் கேட்பதேயில்லை. கண்ட நாள் வெள்ளிக்கிழமை என்பதால் அந்தக் கிழமையையே பெயராய்ச் சூட்டுகின்றான். தன்னை எஜமான் என்றழைக்கப் பழக்குகின்றான். தனித்தீவில் இருவர் சந்தித்தனர். ஒருவன் ஆண்டானும் மற்றவன் அடிமையுமானான். ஹய்யுவும் அப்ஸாலும் சந்தித்தனர். ஒருவர் மற்றவருக்கு ஆசிரியரும் மாணவருமாயினர். குரூசோவைப் படிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. படியுங்கள்; பிள்ளைகளுக்கும் கொடுங்கள். ஆனால், ஸூரியின் இடத்திலும் நின்று ஒருமுறை படியுங்கள்.

தீவுக்குச் செல்லாத ஆசிரியர்

இப்பொழுது மீண்டும் இப்னு துஃபைலின் வாழ்வுக்கு வருவோம். தனிமையின் இன்பத்தை இவ்வளவு அழகாய் எழுதியவர், தாம் எந்தத் தீவுக்கும் குகைக்கும் சென்று ஒதுங்கவில்லை. நோயாளிகளின் நடுவிலும் அலுவல்களின் நடுவிலும் இருந்தார். பல நாடுகளிலிருந்தும் அறிஞர்களைக் கலீஃபாவின் அவைக்கு அழைத்து வந்தார். வானியல் அறிஞர் அல்பித்ரூஜி அவர்தம் மாணவர்.

ஏறத்தாழ 1169-ல், ஓர் இளைய அறிஞரைக் கலீஃபாவிடம் அழைத்துச் சென்றார். வானம் அநாதியா, படைக்கப்பட்டதா என்பது பற்றித் தத்துவவாதிகளின் கருத்து யாதெனக் கலீஃபா வினவவே, அந்த இளைஞர் அஞ்சி, தத்துவமே தாம் படித்ததில்லை என்று மறுத்தார். அவர்தம் அச்சத்தை உணர்ந்த கலீஃபா, இப்னு துஃபைலின் பக்கம் திரும்பித் தாமே அப்பொருளைப் பேசத் தொடங்கினார். இருவரின் உரையாடலைக் கேட்டு இளைஞரின் அச்சம் நீங்கிற்று, அவரும் பேசினார். பரிசும் பெற்றார். அந்த இளைஞர் யார்? பிற்காலத்தில் ஐரோப்பாவே ஆசானாய்ப் போற்றிய இப்னு ருஷ்து அவர்கள்தாம்!

அரிஸ்டாட்டிலின் நூல்கள் கடினமாயுள்ளன, தெளிவான விளக்கம் வேண்டும் என்று கலீஃபா விரும்பியபோது, இப்னு துஃபைல் அப்பெரும்பணியைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை. தம் முதுமையையும் அலுவலையும் கூறி, இப்னு ருஷ்துவிடம் அதனை ஒப்படைத்தார். 1182-ல் அரண்மனை மருத்துவப் பதவியிலிருந்து விலகியபோதும், அவ்விடத்துக்கு வந்தவர் இப்னு ருஷ்துவே. தமக்குக் கிடைக்கக்கூடிய புகழை, தம்மிலும் இளையவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கும் அறிஞர்கள் எத்துணைப் பேர்?

1184-ல் கலீஃபா அபூ யஃகூப் போர்க்காயத்தால் மறைந்தார். மறு ஆண்டு, ஹிஜ்ரி 581, கி.பி. 1185-ல், இப்னு துஃபைல் (ரஹ்) மராகுஷ் நகரில் வஃபாத்தானார்கள். புதிய கலீஃபாவே அன்னாரின் ஜனாஸாவில் கலந்துகொண்டார்.

அன்பர்களே! ஹய்யு தீவுக்குத் திரும்பினான்; அவனைப் படைத்த ஆசிரியரோ மக்களிடையே இருந்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதே அந்நூலை முழுமையாய்ப் படிப்பதாகும். தனித்திருந்து இறைவனைத் தேடும் ஹய்யு நம் ஒவ்வொருவருள்ளும் ஒருவன் இருத்தல் வேண்டும். அவன் தேடிக் கண்டதைப் பிறர்க்குப் பணிவோடு பகிரும் இப்னு துஃபைலும் இருத்தல் வேண்டும். குரூசோ ஒரு மனிதனுக்கு வெள்ளிக்கிழமை என்று பெயரிட்டுத் தனக்குக் கீழே நிறுத்தினான். நமக்கோ வெள்ளிக்கிழமை, செல்வரும் ஏழையும், கற்றவரும் கல்லாதவரும் தோளோடு தோள் சேர்ந்து ஒரே அணியில் நிற்கும் ஜும்ஆ நாள். இன்று அந்த அணியில் உங்கள் அருகில் நிற்பவரின் பெயரைக் கேட்டறியுங்கள்.

சிந்திக்கும் உள்ளத்தையும், சிந்தித்ததைப் பிறர் மனம் நோகாமல் எடுத்துரைக்கும் பணிவையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.